பாவையும் அம்புலியும்: வேங்கட நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுத் துணைகள்

மன்னர் பெற்ற வெற்றியைக் கல்லில் வெட்டினார்கள். கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையைச் செப்பேட்டில் எழுதினார்கள். ஆனால் ஒரு சிறுமி தன் மண்பாவைக்கு இட்ட பெயரை எவரும் எங்கும் பொறித்து வைத்தாரில்லை. விளையாட்டுப் பொருள்கள் எளிதில் உடைவன, மழையில் கரைவன, குப்பையோடு போவன. அவற்றைக் கொண்டு விளையாடிய பிள்ளையோ நாளடைவில் வளர்ந்து, தன் பழைய தோழர்களை மறந்துவிடுகிறது. ஆதலின் பிள்ளைமைக்கு வரலாறு எழுதுவது அரிது.

எனினும் இவ்வகையில் தமிழர் நற்பேறுடையவர் எனலாம். ஈராயிரம் ஆண்டுகளாக நம் புலவர்கள் பிள்ளையின் கைப்பொருளையும், அப்பொருளோடு பிள்ளை கொண்ட உறவையும் விடாது பாடி வந்திருக்கிறார்கள். மண்ணிலும் சான்றுகள் உண்டு. சிந்துவெளி நகரங்களில் சுடுமண்ணாலான சிறு வண்டிகள் கிடைத்தன. கீழடி அகழாய்வு குறித்து 2019-ஆம் ஆண்டு வெளியான அறிக்கை, பகடைக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் படத்தோடு காட்டியது. ஆனால் சில்லு பேசாது. அதைக் கையில் வைத்திருந்தவர் என்ன எண்ணினார் என்பதை இலக்கியமே கூறும். அவ்விலக்கியத்தின் துணைகொண்டு, வேங்கட மலையைச் சூழ்ந்த நாட்டின் விளையாட்டுப் பொருள்களையும், பிள்ளைகள் கற்பனையில் படைத்துக்கொண்ட தோழர்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையில் அமைந்த நாடு

வட எல்லை வேங்கடம், தென் எல்லை குமரி என்று தமிழ் வழங்கும் நிலத்தைத் தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் வரையறுத்தது. எல்லை என்ற சொல் ஏட்டில் ஒரு கோடாகத் தோன்றும். அங்கு வாழ்வோர்க்கு அஃது ஒரு கோடன்று. இரண்டு மொழி கலந்து பாயும் ஓர் அகன்ற வெளி. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனுட் சென்றது. நெடிய எல்லைக் கிளர்ச்சிக்குப் பின், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் பிரிந்தது. கோடுகள் இவ்வாறு மாறி மாறி விழுந்தபோதும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழ்ந்த குடும்பங்கள் பல இருந்த இடத்திலேயே இருந்தன.

சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பங்காருபாளையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘பங்காரு’ என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும். ‘பாளையம்’ தமிழர்க்குப் பழகிய சொல். ஊர்ப்பெயரிலேயே இரு மொழிகளும் கைகோத்து நிற்கின்றன. பழைய சித்தூர்ப் பாளையங்களில் ஒன்றாயிருந்த இவ்வூர், இன்று மாங்காய்ச் சந்தைக்குப் பேர்பெற்றது. இத்தகைய ஊர்களின் தெருப் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களுக்கும் இரண்டிரண்டு பெயர்கள் உண்டு. அம்மா ‘பம்பரம்’ என்பதைத் தெருத் தோழன் ‘பொங்கரம்’ என்பான். திண்ணையில் பாட்டி எடுத்து வைக்கும் பல்லாங்குழி, அடுத்த வீட்டில் ‘வாமன குண்டலு’ ஆகிவிடும். பொம்மை அங்கே ‘பொம்ம’. பெயர்கள் வேறாயினும் குழியும் புளியங்கொட்டையும் ஒன்றே. பிள்ளைகள் இவ்விரண்டு பெயர்களையும் எவரும் கற்பியாமலே கற்றார்கள்.

தச்சன் செய்த சிறுதேர்

விளையாட்டுப் பொருள்களுள் நம் இலக்கியம் மிகுதியாகப் போற்றுவது சிறுதேர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய இரு பாட்டுகளிலும் அஃது இடம்பெறுகிறது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வ மனைகளின் முற்றத்தில் காயும் நெல்லைக் கோழி கொத்த வருகிறது. மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்து அதனை ஓட்டுகின்றனர். அந்தப் பொற்குழை, சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரத் தேரை வழிமறித்துக் கிடக்கிறது. அவ்வூரில் தேருக்குப் பகை வேறு இல்லை என்பது புலவர் கருத்து.

அவரே காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், செல்வத்தை விடுத்துப் பிள்ளையின் களைப்பைப் பாடுகிறார். உழவர் ஊரில் தச்சச் சிறாரும் விரும்பும்படி செய்த சிறுதேரைச் சிறுவர்கள் உருட்டித் திரிகிறார்கள். ஏறிச் செல்ல இயலாத தேர் அது. தளர்நடையால் வந்த அயர்வு தீர, செவிலியரிடம் பாலருந்திப் படுக்கையில் உறங்கிவிடுகிறார்கள். வேங்கட மலை திரையனுக்கு உரியதென்று அகநானூற்றின் 85-ஆம் பாட்டு கூறுவதையும் இங்கு இணைத்துப் பார்த்தல் வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட நாட்டின் பிள்ளைகளும் இத்தகைய தேரையே உருட்டியிருப்பர் எனக் கருதுவதில் பிழையில்லை.

இந்தச் சிறுதேரின் இன்பம் எத்தகையது என்பதைக் குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் தெளிவாக்குகிறார். தச்சன் செய்த சிறு குதிரை வண்டியில் ஏறிச் செல்லப் பிள்ளைகளால் இயலாது. ஆனாலும் கையால் இழுத்தே அவர்கள் இன்புறுகிறார்கள். தலைவனைக் கூடாவிடினும் அவனது நட்பை எண்ணியே மகிழும் மகளிர்க்கு இதனை உவமையாக்குகிறார் புலவர். இல்லாததை உள்ளதாகக் கொண்டு மகிழ்வது பேதைமையன்று, அஃது ஓர் ஆற்றல் என்ற எண்ணம் இவ்வுவமையில் பொதிந்து கிடக்கிறது. வடமொழியில் சூத்திரகர் இயற்றியதாக வழங்கும் நாடகமொன்றிலும் ஒரு சிறுதேர் வருகிறது. அயல்வீட்டுச் சிறுவனின் பொன்தேரைக் கண்ட ஏழைச் சிறுவன், தன் மண்தேர் வேண்டாமென்று அழுகிறான். அந்நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்ற பெயரில் தமிழாக்கினார். பொன்னைக் கண்ட பிள்ளைக்கு மண் கசப்பது எக்காலத்துக்கும் பொதுவான துன்பம் போலும்.

மகளான பாவையும் தங்கையான புன்னையும்

தேரை இழுப்பதோடு விளையாட்டு முடிவதில்லை. பிள்ளை தன் பொருளுக்கு உயிர் கொடுக்கிறது, பெயரிடுகிறது, அதனோடு பேசுகிறது. இன்றைய உளநூலார் ‘கற்பனைத் தோழர்’ என்று வகுத்துரைக்கும் இந்நிலையைச் சங்கப் புலவர்கள் நுட்பமாக அறிந்திருந்தனர்.

குறுந்தொகையின் 114-ஆம் பாட்டைப் பாடியவர் பொன்னாகனார். நெய்தற் பரப்பிலே தன் பாவையைக் கிடத்திவிட்டு, தலைவன் குறித்த இடத்துக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். அங்கு நெடுநேரம் நிற்க அவளால் இயலவில்லை. ஆரல் மீனை உண்ட நாரை தன் மகளின் நெற்றியை மிதித்துவிடும் என்று அஞ்சுகிறாள். அவள் மகள் என்றது அப்பாவையைத்தான். ஐங்குறுநூற்றின் 124-ஆம் பாட்டில் அம்மூவனார் காட்டும் பெண் இன்னும் சினமுடையவள். அவள் மணலால் செய்த வண்டற்பாவையை அலை கவர்ந்து சென்றது. உடனே அவள் நுண்மணலை அள்ளி அள்ளி வீசிக் கடலையே தூர்க்க முற்பட்டாள். நகைக்கத் தோன்றும் காட்சி இது. ஆயினும் புலவர் நகைக்கவில்லை. பாவையைப் பறிகொடுத்தவள் கொண்ட சினம், உறவைப் பறிகொடுத்தவளின் சினமே என்று அவர் அறிந்திருந்தார்.

இவற்றினும் வியப்புக்குரியது நற்றிணையின் 172-ஆம் பாட்டு. தோழியரோடு விளையாடிய சிறுமியர் வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்தி வைத்து, பின் அதை மறந்துபோயினர். அது முளைத்தது. நெய் கலந்த இனிய பாலை ஊற்றி அவர்கள் அதை வளர்த்தனர். தாய், “உங்களைவிடச் சிறந்தது இது, இவள் உங்கள் தங்கை” என்னும் பொருள்பட அப்புன்னையைப் புகழ்ந்தாள். பின்னர்ப் பருவமெய்திய மகள், அம்மரத்து நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். தங்கையின் எதிரே அவ்வாறு நடப்பது எங்ஙனம்?

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது அத்தாயின் செயல். மரம் எவ்வாறு தங்கையாகும் என்று அவள் மகளைத் திருத்தவில்லை. பிள்ளைகள் தொடங்கிய கற்பனையில் தானும் புகுந்து, அதற்கு உறவுமுறையும் வழங்கினாள். மூத்தோர் ஒருவர் உடன்பட்டமையால் அக்கற்பனை ஒரு பொழுதின் விளையாட்டாக முடியாமல் வாழ்நாள் உறவாக நிலைத்தது. வேங்கட நாட்டு விளையாட்டுப் பொருள்களின் வரலாறு முழுதும் இந்த உடன்பாடு ஓர் இழையாக ஓடக் காணலாம்.

திண்ணனாரின் குறும்பு

காளத்தி மலை வேங்கடத்துக்கு அண்மையது. கண்ணப்ப நாயனாரின் வரலாற்றைப் பாடும் சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில், அவரது பிள்ளைப் பருவத்தையும் விரித்துரைத்தார். வேடர் குடியில் தோன்றிய திண்ணனார்க்குத் தச்சர் செய்த தேர் இல்லை. துடிப்பறையின் மரக்கட்டையே அவர் உருட்டி ஓடும் பொருள். வேட்டை நாய்களைக் கட்டிய கயிற்றைப் பற்றி அறுப்பதும், வேடச் சிறுமியர் கட்டிய மணல் வீட்டைத் தளிரடியால் சிதைப்பதும், குடிசைதோறும் புகுந்து குறும்பு செய்வதும் அவர்க்கு விளையாட்டு. அரச மரபினர்க்கே உரியனவாகக் கருதப்படும் சிறுபறை, சிற்றில், சிறுதேர் ஆகிய மூன்று பருவங்களின் சாயலையும் ஒரு காட்டுக் குடிசையிலே சேக்கிழார் கண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

திண்ணனாரின் துடிக்கட்டை அந்நாட்டு எளிய பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கெல்லாம் முன்னோடி எனலாம். காசு கொடுத்து வாங்கியவை அவற்றுள் மிகச் சிலவே. நுங்கு தின்றபின் எஞ்சும் பனங்காய்க் கூந்தல் இரண்டும் ஒரு குச்சியும் சேர்ந்தால் வண்டி. சோளத்தட்டையைக் கிழித்து முடைந்தால் மாடும் கலப்பையும். முளைவிட்ட மாங்கொட்டையைக் கல்லில் தேய்த்தால் ஊதுகுழல். மாந்தோப்பு மிகுந்த பங்காருபாளையம் போன்ற ஊர்களில் இக்குழலுக்குப் பஞ்சமில்லை. இவை ஒரு வாரமும் தாங்கா, உலர்ந்தால் உடையும். அடுத்த பருவத்தில் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்பதனால் பிள்ளைகள் அவற்றுக்காக நெடுநேரம் அழுததில்லை. அழுது தேடிய பொம்மை வேறொன்று, அதுவே மரப்பாச்சி.

செம்மரத்துப் பிள்ளைகள்

திருக்குறள் ‘மரப்பாவை’ என்னும் சொல்லை இரு குறட்பாக்களில் (1020, 1058) ஆள்கிறது. இரண்டிடத்தும் உள்ளத்தில் உயிர்ப்பின்றிக் கயிற்றால் இயங்குவதற்கே அஃது உவமை. வள்ளுவர் கண்ட மரப்பாவை உயிரற்றது. தமிழ் வீடுகளின் மரப்பாச்சியோ குடும்பத்தில் ஒருவராகவே கருதப்பட்டது.

திருப்பதியை அடுத்த சேஷாசல மலைத்தொடரும் அதனைச் சார்ந்த கடப்பை, நெல்லூர்ப் பகுதிகளின் மலைகளுமே செம்மரத்தின் தாயகம். உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாகச் செழித்து வளர்வதில்லை. தெலுங்கர் அதனை ‘எர்ரசந்தனம்’ என்பர். திருமலைக்குச் சென்று மீளும் குடும்பத்தார், அம்மரத்தில் கடைந்த ஆண் பெண் இணைப் பொம்மைகளை வாங்கி வந்தனர். நேர்நின்ற உடல், பக்கத்தோடு ஒட்டிய கைகள், பெரிய கண்கள். அவ்வளவே அதன் வேலைப்பாடு. ஆடையும் அணியும் வீட்டார் செய்து பூட்ட வேண்டும். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் தீங்கில்லை என்பது தாய்மாரின் நம்பிக்கை. வீக்கம் கண்டால் பொம்மையையே கல்லில் இழைத்துப் பற்றுப் போடும் பாட்டிமாரும் இருந்தனர்.

மணமகளுக்குப் பிறந்த வீட்டார் சீரோடு மரப்பாச்சி இணையையும் கொடுத்தனுப்புதல் பல குடும்பங்களில் மரபு. நவராத்திரிக் கொலுவில் அவ்விணையே அரசனும் அரசியுமாக மேற்படியில் அமரும். தெலுங்கு வீடுகள் பலவற்றில் பொம்மைக் கொலு சங்கராந்தியை ஒட்டி நிகழும். இரு மொழியும் வழங்கும் தெருவில் பிள்ளைகளுக்கு ஆண்டில் இருமுறை சுண்டல் கிடைத்தது! பொம்மைகளுக்குத் திருமணம் செய்வித்து, சம்பந்தி வீட்டார் இருபுறமும் அமர்ந்து வழக்காடும் விளையாட்டும் இருந்தது. நற்றிணைத் தாயைப் போலவே இங்கும் மூத்தோர் உடன்பட்டனர். கொலுப்படியில் பொம்மையை அமர்த்தி, விளக்கேற்றி, பாட்டுப் பாடி, நெய்வேத்தியம் படைத்தவர்கள் வீட்டுப் பெரியோரே அல்லரோ? பிள்ளை உயிருண்டு என்று சொன்ன ஒன்றைப் பெரியோரும் வணங்கினர். இதைவிடப் பெரிய உடன்பாடு வேறென்ன வேண்டும்?

ஆயினும் செம்மரம் விலையேறிய பொருளாயிற்று. அதன் கட்டைக்கு வெளிநாடுகளில் எழுந்த வேட்கையால் காடு சூறையாடப்பட்டது. 1995-இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வெட்டவும் கொண்டு செல்லவும் கடுமையான தடைகள் வந்தன. மரத்தைக் காக்க அவை வேண்டியவையே. அக்கட்டைக்காகக் காட்டில் வெட்டக் கூலிக்குச் சென்ற ஏழைத் தமிழர் இருபதின்மர், 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே சேஷாசலக் காட்டில் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதையும் நாம் மறத்தற்கில்லை. குழந்தையின் கைப்பொம்மையாயிருந்த மரம், உயிர்களை விலையாகக் கேட்கும் பண்டமாயிற்று. இன்று சந்தையில் மரப்பாச்சி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பல, வேறு மரத்தில் செய்து சாயம் தீட்டியவை. பாட்டியின் பெட்டியில் பழைய இணையொன்று கிடந்தால், அது காட்டின் ஒரு துண்டு. குடும்பத்தின் ஒரு துண்டும் ஆகும்.

வானத்திலிருந்து வந்த மாமன்

பொம்மை வாங்க இயலாத வீட்டுக்கும் ஒரு துணை உண்டு. அவனுக்கு விலையில்லை, எல்லையுமில்லை. அவன் அம்புலி.

நிலவைக் குழந்தையின் விளையாட்டுத் தோழனாக அழைக்கும் மரபைத் தமிழில் சிறக்கப் பாடியவர் பெரியாழ்வார். கண்ணன் தன் சிறு கைகளைக் காட்டி அழைக்கிறான். அவனோடு விளையாட விருப்பமிருந்தால் முகிலில் மறையாது ஓடிவா என்று யசோதையின் நிலையில் நின்று நிலவை அழைக்கிறார். சிறுவன் என்று இகழாதே என எச்சரிக்கவும் செய்கிறார். இம்மரபே பின்னர்ப் பிள்ளைத்தமிழில் ‘அம்புலிப் பருவம்’ ஆயிற்று. அதன் பத்துப் பருவங்களுள் பாடுதற்கு அரியது அம்புலி என்பர் புலவர். குழந்தைக்கு நீ ஒப்பானவன் என்று புகழ்ந்தும், நீ தாழ்ந்தவன் என்று வேறுபடுத்தியும், வந்தால் இன்னது பெறுவாய் என்று ஆசை காட்டியும், வாராவிடில் துன்புறுவாய் என்று அச்சுறுத்தியும் நிலவை அழைக்க வேண்டும். அரசியல் நூலார் பகைவரை வெல்ல வகுத்த சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு வழிகளையும் புலவர்கள் ஒரு குழந்தைக்கு விளையாட்டுத் தோழன் தேடப் பயன்படுத்தினர்.

வேங்கடவன் சந்நிதியில் பாடிய தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பெயரால் தெலுங்கிலும் நிலவை அழைக்கும் பிள்ளைப்பாட்டு வழங்குகிறது. ஆந்திர நாட்டில் அதனை அறியாத தாய் அரியள். தமிழில் நிலவு அம்புலிமாமா, தெலுங்கில் சந்தமாமா. இருமொழியினரும் நிலவைத் தாயின் உடன்பிறந்தானாகவே கொண்டனர். 1947-ஆம் ஆண்டு ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து ஒரு சிறுவர் இதழைத் தொடங்கியபோது, தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் பெயரிட்டனர். சித்தூர்ப் பக்கத்து வீடொன்றில் அவ்விரண்டும் வந்திருந்தால், அதே வேதாளம் அதே விக்கிரமனின் தோளில் தொங்குவதை இரு எழுத்திலும் பிள்ளைகள் படித்திருப்பர். அவ்விதழ் நின்று போயிற்று. மாமன் மட்டும் இன்னும் வருகிறான்.

மற்றொரு துணையையும் கூறாது விடலாகாது. கைக்குழந்தை உறக்கத்தில் சிரித்தாலும் விம்மினாலும் ‘நரி விரட்டுகிறது’ என்பர் நம் மூதாட்டியர். பேச்சு வருமுன்னரே பிள்ளைக்கு ஒரு கற்பனை விலங்கைத் துணையாக்கிவிட்டது நம் மரபு.

பொம்மையிடம் பேசும் மொழி

மேனாட்டு அறிஞர் இப்பொருளை அண்மைக் காலத்திலேதான் முறையாக ஆராய்ந்தனர். உருசிய உளநூலார் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய விரிவுரையில், குச்சி குதிரையாகும் அந்த நொடியில்தான் பிள்ளையின் எண்ணம் கண்முன் உள்ள பொருளிலிருந்து விடுபடுகிறது என்று விளக்கினார். பிள்ளை தனக்குத்தானே உரக்கப் பேசும் பேச்சே பின்னர் உள்ளத்தின் சிந்தனையாக மாறுகிறது என்பதும் அவர் கொள்கை. அமெரிக்க உளநூலார் மார்ஜரி டெய்லரும் அவர்தம் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் நூற்றுக்கு 65 பிள்ளைகள் ஏதேனும் ஒரு கற்பனைத் தோழரைக் கொண்டிருந்தமை தெரிந்தது. உயிருள்ளதாகக் கருதப்பட்ட பொம்மைகளும் அக்கணக்கில் அடங்கும். குறைபாட்டின் அறிகுறி என முன்னர் ஐயுறப்பட்டது, இயல்பான வளர்ச்சியின் பகுதியென இன்று ஏற்கப்படுகிறது. புன்னையைத் தங்கையென்ற தாய்க்கு இவ்வாய்வு தேவைப்பட்டிருக்காது.

வைகாட்ஸ்கியின் கொள்கை, ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்குத் தனிப் பொருளுடையது. பள்ளியில் பிள்ளை ஆசிரியரின் மொழியில் விடை சொல்கிறது. வீதியில் தோழரின் மொழியில் விளையாடுகிறது. பெற்றோரிடம் தமிழில் பேசும்போதும் பிழை திருத்தப்படுமோ என்று தயங்குகிறது. எவர்க்கும் அஞ்சாது, எவர் திருத்தலுமின்றிப் பிள்ளை பேசும் இடம் ஒன்றே உளது. அது தன் பொம்மையின் செவி. அங்கே எம்மொழி ஒலிக்கிறதோ அம்மொழியே நாளை அதன் சிந்தனைக்குரிய மொழியாக நிற்கும். நம் பிள்ளைகளின் தமிழ் நிலைக்குமா என்று கவலையுறும் பெற்றோர், தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதினும், பிள்ளை தன் கரடிப் பொம்மையை எம்மொழியில் உறங்க வைக்கிறது என்று கதவருகே நின்று கேட்பது நன்று.

அம்மொழி தமிழாக இல்லையெனில் பிள்ளையைக் கடிவதால் பயனில்லை. கட்டளையிட்டுப் பொம்மையோடு பேசவைத்தல் எவராலும் ஆகாது. நம் முன்னோர் கண்ட வழி வேறு. அவர்கள் விளையாட்டினுள் தாமும் புகுந்தனர். தாய் மரத்துக்கு உறவு கூறினாள். ஆழ்வார் நிலவை வாவென்றார். பாட்டி மரப்பாச்சிக்குப் பட்டுத் துணியில் பாவாடை தைத்தாள். அவ்வாறு தைக்கும்போது அவள் சொல்லிய சொற்களையே பேத்தி பின்னர்ப் பொம்மையிடம் சொன்னாள். இலக்கண நூலோ பாடத்திட்டமோ இன்றி, எல்லைக்கோடுகள் பலமுறை மாறிய நாட்டில், பெருமளவும் தெலுங்கே ஒலித்த தெருக்களில், தமிழ் தலைமுறை தலைமுறையாக வீடுகளில் நிலைத்ததற்கு இவ்வுடன்பாடும் ஒரு காரணம் என்பது எம் துணிபு.

பொருள் எதுவாயினும் குற்றமில்லை. செம்மரப் பொம்மை கிடைக்காவிடில் துணிப்பொம்மை போதும். நெகிழிக் கரடியும் போதும். வெளிநாட்டுக் கடையில் வாங்கிய அக்கரடி பேத்தியின் கையில் இருக்கும்போது, “இவன் பேர் என்ன கண்ணு? சாப்பிட்டானா?” என்று பாட்டி தமிழில் கேட்டால், அவனுக்காகப் பேத்தி தமிழிலேயே விடை சொல்லியாக வேண்டும். விடை தடுமாறி வரலாம். பாதி வேற்றுமொழியாக இருக்கலாம். திருத்தாமல் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியது பாட்டியின் பொறுப்பு.